ஐந்து பேருக்கு ஒரு மேசை

ஆகஸ்ட் 20, செவ்வாய்

லேபில் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் தரணி வந்தான். பின்பக்க மூடியைக் கழற்றிவிட்டு, திருகுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"முப்பத்தொண்ணாந் தேதி அப்பா அம்மா வர்றாங்க. சனிக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ரயில். மத்தியானம் உன்னையும் உங்கம்மாவையும் பாக்கலாம்னு அப்பா சொல்லிட்டாரு."

இரண்டு வருடமாகக் காத்திருந்த பேச்சு. ரத்தக் குழாய்களில் இரண்டுக்கு லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேன். பிரித்து மறுபடி ஒட்டினேன்.

எங்கே பார்ப்பது என்பதுதான் கேள்வி. நான் இருப்பது பெண்கள் விடுதி. திண்டிவனம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வரமாட்டார்கள். கல்யாணம் உறுதியாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாதாம். சாப்பிட்டு எழுந்தால் சம்மதம் என்று ஆகிவிடும். எங்கள் பக்கமும் அந்த வழக்கம் உண்டு, அதில் எனக்குப் புகார் இல்லை. ஓட்டல் என்றால் அது கணக்கில் வராது என்று அவன் அப்பாவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். ஓட்டல் சோறு யார் வீட்டுச் சோறும் இல்லையாம்.

"ஓட்டல நீயே பாரு," என்றான் தரணி. "மெட்ராஸ் பூரா தின்னு திரியறவ நீதான."

ஆகஸ்ட் 22, வியாழன்

விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. லேபிலேயே முகம் கழுவிக்கொள்கிறேன்.

பட்டியல் போட்டேன். ஏழு ஓட்டல்கள். அவன் அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் மாடிப்படி ஏறும் இரண்டை அடித்தேன். ஒன்றில் பாட்டுச் சத்தம் அதிகம். மிச்சம் நான்கு. திருவல்லிக்கேணி மெஸ்ஸைத்தான் மனம் கேட்கிறது. ஆனால் அங்கே சாப்பிடுகிறவர்களின் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தம் பேச வந்தவரை அப்படி நிறுத்த முடியாது.

ஆகஸ்ட் 24, சனி

நான்கையும் தரணி தள்ளிவிட்டான். ஒன்றில் அவன் சித்தப்பா மகன் அடிக்கடி சாப்பிடுவானாம். இன்னொன்று இருக்கும் தெருவில் ஊர்க்காரர் கடை இருக்கிறதாம். மூன்றாவது விலை அதிகம். நான்காவதற்கு அவன் காரணமே சொல்லவில்லை.

"பஃபே போயிரலாம். அவங்கவங்க தட்டெடுத்து அவங்கவங்க போட்டுக்கலாம்."

"முட்டிவலிக்காரங்கள வரிசையில நிக்க வெப்பியா?"

"அப்ப இலைச் சாப்பாடு. சர்வர் வந்து போட்டுட்டே போவான். பிரச்சினையே இல்ல."

என்ன பிரச்சினை என்று நான் கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணா நகரில் ஒரு இடம் பார்த்தோம். தரைத்தளம், சத்தமில்லை, வட்ட மேசைகள். மண்சட்டியில் சோறு, மண்சட்டியில் குழம்பு. ஐந்து பேருக்கு மூன்று சட்டி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவருக்கு ஒருவர் பரிமாறிக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பிடித்திருந்தது.

தரணி பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பெண் மாமனார்போல இருந்தவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"எடுத்து எடுத்துப் போடணும். அப்பாவுக்குக் கை நடுங்கும்."

"நான் போடறேன். எங்கம்மா போடுவாங்க."

"வேண்டாம் நிறை." என் பெயரைச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே வந்து கேட்டேன். "நாங்க யாருன்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"வேற ஆளுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"எந்த வேற?"

"ஒண்ணொண்ணாப் போலாம். மொதல்ல உன்னைப் பாக்கட்டும். பாத்தாப் புடிச்சுரும். அப்புறம் நானே சொல்றேன்."

சரி என்றேன். சலவைக் கடைக்காரன் ஏழு மணிக்கு மூடிவிடுவான், துணி எடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

தரணியின் போனில் அவர்கள் ஊர்க் கோயில் திருவிழா வீடியோ. கை நடுங்கும் அவன் அப்பா நாச்சிமுத்து, பந்தியில் குனிந்து குனிந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் சாம்பார் ஊற்றிக்கொண்டு போகிறார்.

ஆகஸ்ட் 28, புதன்

இலைச் சாப்பாட்டு ஓட்டலில், வடபழனியில், ஐந்து பேருக்கு இடம் சொல்லியாயிற்று. தரணி நன்றி என்று மூன்று முறை எழுதினான்.

அம்மாவிடம் பேசினேன். ஓட்டல் தேடி அலைந்ததையும் அவன் அம்மாவின் முட்டிவலியையும் சொல்லிவிட்டு, நீலப் பட்டுப்புடவையைக் கொண்டுவரச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டால் கவர்மெண்ட் ஸ்கூல்ல வேலை என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

"டீச்சர்னு நெனச்சுக்குவாங்களே."

"நெனச்சுக்கட்டும்."

"எதுக்குடி?"

"எல்லாத்தையும் மொத நாளே சொல்லணுமாம்மா?"

அம்மா புடவைக்கு இஸ்திரி போடவேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மா பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். அந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளை டிபன் டப்பாவோடு அனுப்பினார்கள். பதினோரு நாள். எண்பது பிள்ளைகளுக்கு வடித்த சோறு அப்படியே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே அம்மாவுக்கு வேறு ஊர். அம்மாவின் நன்மைக்காகத்தான் மாற்றினார்களாம். டப்பா கட்டிக்கொடுத்த ஒருவரையும் யாரும் எங்கேயும் மாற்றவில்லை.

அப்பா அப்போது இல்லை, அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். அந்தப் பதினோரு நாளும் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேப்பரில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இலை. எல்லாவற்றையும் சர்வர் போடுவான். யாரும் யாருக்கும் ஒன்றும் எடுத்துத் தர வேண்டாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கை கழுவி, எங்கள் கையிலிருந்து எதுவும் வாங்காமல் எழுந்துவிடலாம். தூங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் வடபழனிக்குப் போன் செய்து இடத்தை வேண்டாம் என்றேன். அண்ணா நகரில் வட்ட மேசை சொன்னேன். தரணியிடம், வடபழனியில் நாளை விசேஷம், கூடம் முழுக்க எடுத்துவிட்டார்கள் என்றேன். பொய். வேறு எங்கும் கிடைக்கவில்லை என்றேன். அதுவும் பொய்.

"பரவால்ல," என்று மட்டும் எழுதினான்.

அம்மா மதியம் கோயம்பேட்டில் இறங்கினாள். விடுதிக் காப்பாளரிடம் கெஞ்சி ஓரிரவு என் அறையில் படுக்க வைத்தேன். கட்டில் வேண்டாம் என்று தரையில் படுத்தாள். "எங்க போறோம் நாளிக்கி?" என்றாள். நல்ல இடம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்கள். நாச்சிமுத்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சில் மரியாதை. "வாங்க அம்மணி, உக்காருங்க," என்று எனக்கே நாற்காலியை இழுத்துப் போட்டார். தரணியின் அம்மா மயிலாத்தாள், கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. அம்மாவின் கையைப் பிடித்து, "நல்லா இருக்கறீங்களா?" என்றார். தரணி வெயிலில் நடந்தவன்போல வியர்த்திருந்தான். உள்ளே ஏசி.

ஊர், மழை, கண் டாக்டர் என்று பேச்சு ஓடியது. அம்மா எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் தேரைப் பற்றிக்கூடச் சொன்னாள்.

மூன்று சட்டிகள் வந்தன. சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கத்திரிக்காய். சர்வர் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். நான் அசையாமல் இருந்தேன். அம்மா எழுந்தாள்.

"குடுங்க, நான் போடறேன்."

"ஆன்ட்டி, அவர் வந்து போடுவாரு," என்றான் தரணி.

"அவரு எப்ப வரது. ஆறிப்போவும்பா."

முதலில் நாச்சிமுத்துவுக்கு. பிறகு மயிலாத்தாளுக்கு, தரணிக்கு, எனக்கு. ஒரு கரண்டி, மணிக்கட்டில் ஒரு திருப்பு, சட்டி விளிம்பில் ஒரு தட்டு. மேசையில் ஒரு பருக்கை விழவில்லை.

நாச்சிமுத்து பிசைந்து சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாய். இரண்டாவது. மூன்றாவது.

"எங்கூட்டுல கோழி அடிச்சா எனக்குக் காலு, இவளுக்குக் கழுத்து," என்றார்.

"அதுவும் கேட்டாத்தானுங்க வருது," என்றார் மயிலாத்தாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மயிலாத்தாள் தட்டில் ஒரு நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டாள்.

"எனக்கும் இன்னொரு கரண்டி ஊத்துங்க," என்றார் நாச்சிமுத்து. எனக்குள் ஒருத்தி கை தட்டினாள். சாப்பிடு, இன்னும் சாப்பிடு என்றாள். எழுதிவிடுகிறேன், அந்த நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்கு அளவு அப்படியே வருதே. கல்யாணப் பந்தியில பரிமாறுற எனக்கே இப்படி வராது."

"தெனம் எம்பது தட்டுங்க. கை தானா போவுது."

"எம்பதா?"

என் கால் மேசைக்கடியில் அம்மாவின் காலைத் தேடிப் போய்த் தரணியின் காலை மிதித்தது.

"ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறேங்க," என்றாள் அம்மா.

"டீச்சருன்னல்ல பையன் சொன்னான்."

"டீச்சர் இல்லீங்க. சமையல்தான். பதினஞ்சு வருசமாவுது."

அவனும் அதையேதான் சொல்லிவைத்திருக்கிறான். நானும் அவனும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம்.

நாச்சிமுத்து முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டார். "புள்ளைங்களுக்குச் சோறு போடறது நல்ல வேலைங்க," என்றார். பிறகு எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி கேட்டார். "பெருமாள் கோயில்னீங்களே, அந்தத் தெருவுலதான் ஊடுங்களா?"

அம்மா அப்போதுதான் உட்கார்ந்து தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இல்லீங்க. ரோட்டுக்கு இந்தாண்ட. காலனி."

அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. பிடித்திருந்த சோற்றைத் தட்டில் விட்டார். எங்களைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"தரணி, ரயிலுக்கு நேரமாச்சு."

மணி ஒன்று இருபது.

எழுந்து போனார். கை கழுவும் இடம் எங்கள் மேசைக்கு எதிரிலேயே, கண்ணாடியோடு. கையைக் கழுவினார். பிறகு வாயைக் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார். ஆறு முறை. விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்று கண்ணாடியில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து மனைவியிடம், "எந்திரி," என்றார்.

"போட்டத வெச்சுட்டு எப்புடிங்க வாரது. ரெண்டு வாய்தான்."

அவர் வாசலுக்குப் போய் நின்றார். மயிலாத்தாள் சாப்பிட்டார். வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி வந்து, "வாரேனுங்க," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த அம்மாளைப் பெரிய மனுஷியாக்க எனக்கு விருப்பமில்லை. சோற்றை வீணாக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்றும் தெரியவில்லை.

"பத்து நிமிஷம். ஆட்டோ ஏத்திட்டு வந்துடறேன்," என்று தரணியும் போனான்.

அம்மா அவன் தட்டைப் பார்த்தாள். "புள்ள ஒரு வாய்கூட வெக்கலடி."

சோறு கரண்டி கவிழ்த்த வடிவத்திலேயே இருந்தது. ஓரத்தில் மட்டும் விரலால் கிளறியிருந்தான். குழம்பில் ஆடை படிந்திருந்தது. ஒன்றும் தெரியாத அப்பா இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்த மகன் தொடவில்லை.

இரண்டு ஐந்துக்குத் திரும்பி வந்தான். உட்கார்ந்தான். "ஸாரி ஆன்ட்டி," என்றான். அம்மா தலையை ஆட்டினாள்.

"ஒரு வாய் சாப்பிடு," என்றேன்.

"இப்பவா?"

"ஒரு வாய்."

"எனக்கு டெஸ்ட் வெக்கறயா?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் மோசம். "காலையில வடபழனிக்குப் போன் பண்ணேன். எந்த விசேஷமும் இல்ல, மேடம்தான் கேன்சல் பண்ணாங்கன்னான். தெரிஞ்சும் வந்தேன். இங்க கூட்டிட்டு வந்தா உங்கம்மாதான் கரண்டிய எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான மாத்துன?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சா?"

நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"என்னக் கரண்டியும் கையுமா நிக்க வெச்சிட்டு, அவரு துன்றாரா இல்லியான்னு நீ பாத்துக்கினு இருந்தியா?"

"அவங்க நம்ம கையால சாப்பிடணும்னுதாம்மா..."

"எங்கையி. உங்கையி இல்ல. நீ ஒக்காந்துதான இருந்த."

அம்மா சர்வரைக் கூப்பிட்டாள். "தம்பி, இது ஆறிப்போச்சு. எனக்கு மட்டும் சூடா ஒரு சாப்பாடு குடு. மீன் இருந்தா ஒண்ணு வறுத்துக் குடு." எங்களிடம், "நீங்க ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க. நான் சாப்பிடணும்," என்றாள்.

போனோம். ஓட்டல் வாசலில், பைக் நிறுத்தும் இடத்தில், வெயிலில் நின்றோம்.

"நீ ஏன் சாப்பிடல?"

வெகுநேரம் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். பொய் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"என்னைக்காவது அவருக்குத் தெரியவரும். அன்னைக்கு அவர் இந்த மேசைய நெனச்சுப் பாப்பாரு. நானும் சாப்பிட்டேன்னு அதுல இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அசிங்கம்னு இல்ல நிறை. சத்தியமா அசிங்கம்னு இல்ல. பயம்."

"அவங்க டப்பா கட்டிக் குடுத்ததும் பயத்துலதான் இருக்கும்," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அந்தப் பதினோரு நாளை இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அவனிடம் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத வரவில்லை.

உள்ளே போனபோது அம்மா சாப்பிட்டு முடித்திருந்தாள். மீனின் நடுமுள் மட்டும் முழுதாக இருந்தது.

"இன்னா சொன்னான்?"

"பயமாம்."

"நீ இன்னா சொன்ன?"

கோயம்பேடு போகும்வரை ஆட்டோவில் அதற்குப் பதில் தேடினேன். பஸ் கிளம்பும்போது, "ஸாரிம்மா," என்றேன். வண்டி இரைச்சலில் அவளுக்குக் கேட்டதா, கேட்காததுபோல இருந்தாளா தெரியவில்லை. முன்னால் பார்த்தபடியே போனாள்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் நாற்பது ரத்த மாதிரிகள். இயந்திரம் நன்றாக ஓடுகிறது.

பதினொரு மணிக்குத் தரணியிடமிருந்து செய்தி. அவன் அப்பா ரயிலில் ஒன்றும் பேசவில்லையாம், கத்தாததே நல்ல சகுனமாம். அவன் அம்மாவுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். ஐப்பசியில் கண்ணுக்கு மறுபடி காட்ட வருவார்கள், இந்த முறை அவசரப்படாமல் பார்க்கலாம், ஓட்டலை அவனே பார்க்கிறானாம். கீழே மூன்று ஓட்டல்களின் பெயர். மூன்றிலும் சர்வர்தான் பரிமாறுவான்.

மதிய இடைவேளையில் பதில் எழுதினேன். "இனி எந்த ஓட்டலும் வேண்டாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள எதுவும் வேண்டாம். மெஷின் ரிப்பேருக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லு." அனுப்பிவிட்டு எனக்கு வந்திருந்த சாப்பாட்டைத் திறந்தேன். பாதி சாப்பிட முடிந்தது.

மாலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இன்று வந்த முட்டைகளில் நான்கு கெட்டுப்போயிருந்தனவாம். அதைப் பற்றியே பேசினாள். முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேம்மா."

"ம்."

"நேத்து நான் செஞ்சது தப்பு. உங்கிட்டச் சொல்லாம உன்னக் கூட்டிட்டுப் போயி நிறுத்துனது தப்பு."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். நின்றது.

"ரெண்டு வாரமா ஓட்டலு ஓட்டலுன்னு தேடுனியே," என்றாள். "அவங்கப்பாவுக்கு எது ஒத்துக்கும், அவங்கம்மாவுக்கு முட்டி வலிக்குமான்னு பாத்த. அந்தப் பையன் சொன்னது, நீ நெனச்சது, எல்லாம் பாத்த. உங்கம்மாளுக்கு எங்க சாப்புடணும்னு ஆசைன்னு ஒரு வார்த்த கேட்டியாடி?"

கேட்கவில்லை. எத்தனை ஓட்டல் பார்த்தேன். ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"எங்கம்மா போலாம்? இந்தச் சனிக்கிழமையே வா. நாம ரெண்டு பேர் மட்டும்."

அம்மா குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.